தொட்ட கையும் தொடாத ஆய்வகமும்

தொடாமலேயே வேலையை முடித்துக்கொள்வது இந்த நாட்டுக்குப் புதுசு இல்லை. வரப்பில் நின்று குரல் கொடுத்தால் சேற்றில் நாற்று நடப்படும். திண்ணையில் உட்கார்ந்து கை காட்டினால் செத்த மாடு ஊருக்கு வெளியே போய்ச் சேரும். கை காட்டியவனுக்கு அறிவாளி என்று பெயர், கை வைத்தவனுக்குச் சாதிப் பெயர். இப்போது அதே ஏற்பாடு விஞ்ஞானத்தின் பெயரில் வருகிறது, அரசாங்கப் பணத்தோடு வருகிறது. இது நம்மை விடுவிக்குமா, இன்னொரு தரம் வெளியே நிறுத்துமா என்று நாம் கேட்டாக வேண்டும்.

விஷயம் இதுதான். உயிரியல் ஆய்வகங்களைத் தொலைவிலிருந்தே இயக்குகிற காலம் வந்துவிட்டது. ஆய்வு செய்பவர் ஆய்வகத்துக்குள் காலடி வைக்கவே தேவையில்லை. எங்கோ ஒரு கணினிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, எந்தத் திரவத்தில் எவ்வளவு எடுத்து எதோடு கலக்க வேண்டும், எத்தனை டிகிரி சூட்டில் எத்தனை மணி நேரம் வைக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினால் போதும். அங்கே ஓர் எந்திரக் கை 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் சொட்டுச் சொட்டாக ஊற்றும். இன்னொரு கை அந்தத் தட்டைத் தூக்கிச் சூட்டுப்பெட்டியில் வைக்கும், நேரம் ஆனதும் எடுத்து அளவுக்கருவியில் நுழைக்கும். முடிவு எண்களாகத் திரைக்கு வந்து சேரும். அமெரிக்காவில் எமரால்டு கிளவுட் லேப் என்ற நிறுவனம் 2010இல் தொடங்கி இதைத் தொழிலாகவே செய்கிறது. 2021இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 4 கோடி டாலர் செலவில் தனக்கென்று ஒன்றை அமைப்பதாக அறிவித்தது. அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை இப்படிப்பட்ட ஆய்வகங்களை வலைபோல் இணைப்பதற்கு 10 கோடி டாலர் வரை தருவதாக 2025இல் சொன்னது.

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. 2024 ஆகஸ்ட் 24 அன்று மத்திய அமைச்சரவை 'பயோ ஈ-3' என்ற கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. பொருளாதாரம், சுற்றுச்சூழல், வேலைவாய்ப்பு என்ற மூன்றுக்குமாக உயிரித் தொழில்நுட்பத்தை வளர்ப்பதுதான் அதன் நோக்கம் என்றார்கள். செயற்கை அறிவும் உயிரியலும் சேர்ந்து இயங்கும் மையங்கள், 'பயோ ஃபவுண்டரி' என்று சொல்லப்படும் உயிரிப் பட்டறைகள் எல்லாம் அந்தக் கொள்கையில் உண்டு. அதே ஆண்டு செப்டம்பரில் 'பயோ ரைடு' திட்டத்துக்கு 9,197 கோடி ரூபாய் ஒதுக்கீடு ஒப்புக்கொள்ளப்பட்டது. 2025 ஆகஸ்டில் ஆறு நிறுவனங்களைச் சேர்த்து தேசிய உயிரிப் பட்டறை வலையமைப்பைத் தொடங்கினார்கள். இந்தப் பணம் முழுவதும் எந்திரக் கைகளுக்குத்தான் போகிறது என்று நான் சொல்லவில்லை. உயிரித் தொழில்நுட்ப ஆராய்ச்சி மொத்தத்துக்குமான பணம் அது. இங்கேயுள்ள பட்டறைகள் எல்லாமே தூரத்திலிருந்து இயங்குகின்றன என்றும் சொல்லவில்லை. கையை விலக்கிவிட்டு எந்திரத்தையும் கட்டளையையும் மட்டும் வைத்துக்கொள்கிற திசையில் இந்தத் துறை நடக்கிறது, அதற்கு அரசு தோள் கொடுக்கிறது என்பது மட்டும் தெளிவு.

"இதுல நமக்கு இன்னாப்பா கீது? நமக்குப் பட்டா பிரச்சினை, சுடுகாட்டுப் பாதை பிரச்சினை" என்று எங்கள் ஊர்த் தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தத்துவம் என்றால் திருத்தணியில் 1888இல் பிறந்த ராதாகிருஷ்ணன் பெயரைத்தான் எங்கள் ஊர் மேடைகளில் சொல்வார்கள். தத்துவம் மேடையில் மட்டும் இல்லை, சவக்கிடங்கு வாசலிலும் இருக்கிறது. யார் தொடுவது, யார் தொடாமல் இருப்பது என்ற கேள்வியைவிடப் பெரிய தத்துவக் கேள்வி இந்த மண்ணில் எது? அந்தக் கேள்வியை ஆய்வகம் இப்போது எந்திரத்திடம் கொடுத்திருக்கிறது. தொடுதலின் கசப்பை ருசித்தவர்கள் இதில் கருத்துச் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் உடலைப் படிக்கும் கல்வி தொடக்கத்திலிருந்தே தூரத்திலிருந்து இயக்கப்பட்டதுதான். 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்ததைப் பெரிய சரித்திரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். சாதி இந்து ஒருவர் சாத்திரத் தடையை மீறிப் பிணத்தைத் தொட்டார் என்பது அந்தச் சரித்திரம். அவர் துணிச்சலை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அதற்கு முன்னால் எத்தனையோ நூற்றாண்டுகளாகப் பிணத்தைத் தொட்டவர்கள், தூக்கியவர்கள், குளிப்பாட்டியவர்கள், எரித்தவர்கள், புதைத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் தொட்டது சரித்திரம் ஆகவில்லை, தீட்டு ஆயிற்று. ஒரே பிணம், ஒரே தொடுதல். ஒருவருக்கு அது விஞ்ஞானம், இன்னொருவருக்கு அது பிறவிக் குற்றம்.

அதற்குப் பிறகாவது மாறியதா? பல அரசு மருத்துவமனைகளின் சவக்கிடங்குகளைப் பாருங்கள். மருத்துவர் சற்றுத் தள்ளி நின்று சொல்வார், கத்தி பிடித்து அறுப்பவர் கீழ்நிலை ஊழியராக இருப்பார். பெரும்பாலும் நம் சாதிகளில் ஒன்றைச் சேர்ந்தவராக இருப்பார். உள்ளுறுப்பை எடுத்துக் காட்டுபவர் அவர், எழுதிக் கையெழுத்துப் போடுபவர் வேறொருவர். எங்கள் காலனிக்காரர் ஒருவர் அப்படி ஒரு சவக்கிடங்கில் பல வருஷம் வேலை பார்த்தார். விஷம் குடித்த வயிறா, அடித்துக் கொன்றபின் விஷம் ஊற்றிய வயிறா என்பது கையில் எடுத்த மாத்திரத்தில் தனக்குத் தெரிந்துவிடும் என்பார். கோர்ட்டில் சாட்சி சொல்ல அவரை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. வேலை முடிந்து வருபவரைத் தேநீர்க் கடையில் தனியாக நிற்க வைப்பார்கள். குடித்தால்தான் அந்த நாற்றத்தில் நிற்க முடியும் என்று குடிக்க ஆரம்பித்தார், குடியே அவரைக் கொண்டுபோயிற்று. குரல் கொடுத்தால் வேலை செய்யும், முடிவைச் சொல்லும், பெயர் கேட்காத ஓர் எந்திரக் கையாகத்தான் அவரை வைத்திருந்தார்கள்.

என் பெரியப்பா ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளாக இருந்தார். தவளையைப் பிடித்து, மயக்கம் கொடுத்து, மெழுகுத் தட்டில் மல்லாத்திக் குண்டூசி குத்தி, ஒரு ரத்தக்குழாய்கூட அறுபடாமல் திறந்து வைப்பார். மாணவர்கள் அதைப் பார்த்துப் படம் போடுவார்கள். பேராசிரியர்கள் அந்தப் படத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். "நான் கீறிக் குடுக்கலன்னா அவங்கள்ல பாதிப் பேருக்கு இதயம் எங்க கீதுன்னே தெரியாது" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் பெருமையும் இருந்தது, வேறு ஒன்றும் இருந்தது. கைக்குத் தெரிந்தது அறிவாக எண்ணப்படாத ஒரு சமூகத்தில், தன் கையை மட்டும் சொத்தாக வைத்திருந்த மனிதனின் சிரிப்பு அது. பிள்ளை பெறவைத்த நம் கிழவிகளுக்கும் இதே கதைதான். தாயும் பிள்ளையும் பிழைக்கும்வரை அவள் கை வேண்டும். பிழைத்த பிறகு அவள் தொட்ட பாத்திரம் தீட்டு.

இங்கே நிதானமாக ஒரு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். தொடுதல் என்பது தன்னளவில் உயர்ந்ததும் இல்லை, தாழ்ந்ததும் இல்லை. எங்கள் ஊர் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கான சனம் காவடியோடு ஏறுகிறது. அத்தனை பேரும் சாமியைத் தூரத்திலிருந்துதான் பார்க்கிறார்கள். கருவறைக்குள் போய்த் தொடுகிற உரிமை யாருக்கு என்பதற்காகத் தமிழ்நாட்டில் 1970இலிருந்து சட்டமும் வழக்கும் மாறி மாறி நடந்து, 2021 ஆகஸ்டில்தான் பயிற்சி பெற்ற எல்லாச் சாதியினரிலும் சிலர் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டார்கள். அங்கே தொடுவது அதிகாரம். திருவிழா முடிந்த மறுநாள் அடிவாரத்திலும் படிகளிலும் குவிந்து கிடக்கிற எச்சில் இலையையும் மலத்தையும் தொடுவது? அது தண்டனை. ஒரே மலை, ஒரே நாள், இரண்டு தொடுதல்.

ஆகவே நம் போராட்டமும் எப்போதும் இரண்டு கால்களில் நடந்திருக்கிறது. ஒன்று தொடுவதற்கான உரிமை. 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீரைத் தொட்டது அது. பள்ளிக்கூடத்துப் பானையை, கோயில் கதவை, புத்தகத்தைத் தொடுவது அது. மற்றொன்று தொடாமல் இருப்பதற்கான உரிமை. செத்த மாட்டைத் தூக்க மாட்டோம், பறையடித்துச் சாவு சொல்ல மாட்டோம், மலக்குழியில் இறங்க மாட்டோம் என்பது அது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்ய 1993இல் ஒரு சட்டமும் 2013இல் இன்னொரு சட்டமும் வந்தது இந்த இரண்டாவது உரிமைக்காகத்தான். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டால் நாம் நொண்டியாகிப் போவோம்.

தொலைவிலிருந்து இயங்கும் ஆய்வகத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். அது தொடாமல் இருக்கும் உரிமையை யாருக்குத் தருகிறது? கேள்வி கேட்டு ஆய்வை நடத்தும் உரிமையை யாருக்குத் திறந்துவிடுகிறது? என் பார்வையில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்துப் பதில் சொல்லாத எந்த ஆய்வகத்துக்கும் பொதுப்பணம் கொடுப்பது நியாயம் ஆகாது.

எந்திரமே வேண்டாம் என்று சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கைத்தொழிலின் புனிதம், உழைப்பின் அழகு என்றெல்லாம் பாடுவது கை காப்புக் காய்க்காதவர்களின் பொழுதுபோக்கு. காந்தியார் எந்திரத்தைச் சந்தேகத்தோடு பார்த்தார். அம்பேத்கர் 1945இல் எழுதிய நூலில் அதை நேருக்கு நேர் மறுத்தார். எந்திரம் மனிதனுக்கு ஓய்வு தருகிறது, ஓய்வு இல்லாமல் பண்பட்ட வாழ்வு இல்லை, எந்திரத்தால் தீமை வந்தால் குற்றம் எந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலர் மட்டும் அனுபவிக்கும்படி வைத்திருக்கும் சமூக ஏற்பாட்டில் இருக்கிறது என்பது அவர் வாதம். மிருகம்போல் உழைத்துச் சாவதை அழகு என்று சொல்ல நமக்கு எந்த அவசியமும் இல்லை. என் பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள் தவளை கீற வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் அதே அம்பேத்கர் 1936இல் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்துப் படிக்கட்டாக அடுக்கி வைத்திருக்கிறது என்பது அது. இதை எந்திரத்தோடு பொருத்திப் பாருங்கள். எந்திரம் வேலையை எடுத்துக்கொள்ளும். படிக்கட்டை அது எடுத்துக்கொள்ளாது. மிச்சமிருக்கும் வேலை மறுபடியும் அதே படிக்கட்டின்படி பங்கிடப்படும்.

இது ஊகம் இல்லை, 2020இல் நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த ஆண்டு மே மாதம் தில்லியில் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் கோபாஸ் 6800 என்ற கருவியை நிறுவினார்கள். 24 மணி நேரத்தில் சுமார் 1,200 மாதிரிகளைத் தானாகவே சோதிக்கும், மனிதக் கை குறைவாகப் படுவதால் ஊழியருக்குத் தொற்று அபாயமும் குறைவு என்றார்கள். ஜூலை 27 அன்று நொய்டா, மும்பை, கொல்கத்தா ஆகிய மூன்று இடங்களில் பெரிய அளவில் சோதனை செய்யும் ஆய்வகங்களைப் பிரதமர் காணொலி வழியாகத் திறந்து வைத்தார். தூரத்திலிருந்து திறக்கப்பட்ட, கை படாமல் இயங்கும் ஆய்வகங்கள். நல்லதுதான், உயிர்கள் பிழைத்திருக்கும். ஆனால் மூக்குக்குள் குச்சியை விட்டு மாதிரி எடுத்தது எந்தக் கை? நோயாளியின் வார்டைக் கழுவியது எந்தக் கை? மஞ்சள் பையில் கட்டிய கழிவைத் தலையிலும் தோளிலும் ஏற்றியது எந்தக் கை? பிணத்தைத் துணியில் சுற்றிப் பள்ளத்தில் இறக்கியது எந்தக் கை? எந்திரம் நடுவில் உட்கார்ந்திருந்தது, ஆபத்து ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஓரத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள். அந்த ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்தார்கள். நாடே அதிர்ந்தது. அதிர வேண்டிய காரியம்தான். சுடுகாட்டுக்குப் பாதை மறுக்கப்பட்டுப் பிணத்தோடு நின்ற சேரிகளுக்காக நாடு எப்போது அதிர்ந்தது என்று கேட்க அப்போது நேரம் இல்லை, இப்போது கேட்கிறேன்.

கை படாத ஆய்வகம் என்று சொல்கிறார்களே, அதிலும் கை உண்டு. தட்டுகளை அடுக்க, திரவத்தை நிரப்ப, சிக்கிக்கொண்ட கையை விடுவிக்க, உடைந்ததைக் கூட்ட, கிருமி உள்ள கழிவை வெளியேற்ற ஆள் வேண்டும். ஆணை அனுப்பிய ஆய்வாளரின் திரையில் அந்த ஆள் தெரியமாட்டார். முன்பாவது பெரியப்பாவை "யோவ்" என்று கூப்பிட ஒரு பேராசிரியர் எதிரில் இருந்தார். திரும்பி முறைக்கவாவது அவருக்கு ஒரு முகம் கிடைத்தது. இனி அந்த முகமும் இருக்காது.

இவ்வளவையும் ஒருநாள் என் அக்கா மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ஓர் அரசுக் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "மாமா, நீங்க கையைப் பத்தியே பேசறீங்க. எங்க கிளாஸ்ல நாப்பது பேருக்கு ரெண்டு மைக்ராஸ்கோப்பு. அதுல ஒண்ணுக்கு லென்சு போயிடுச்சு. யாரு முன்னாடி நிக்கணும், யாரு பின்னாடி நிக்கணும்னு சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். எந்திரம் என்னைப் பார்த்து நீ எந்தத் தெருவுன்னு கேக்காதில்ல? நான் எழுதி அனுப்புற கேள்வியத்தானே அது பாக்கும்?"

இந்த வாதத்தைச் சாதாரணமாக ஒதுக்க முடியாது. செய்முறைத் தேர்வும் நேர்முகத் தேர்வும் நம் பிள்ளைகளுக்கு எப்போதும் கொலைக்களம். எழுத்துத் தேர்வில் எண் மட்டும் இருக்கும், செய்முறையில் முகம் இருக்கும், பெயர் இருக்கும், அப்பன் பெயர் இருக்கும். அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் தலித், பழங்குடி மாணவர்கள் படும் பாட்டை ஆராய்ந்த தோரட் குழு 2007இல் கொடுத்த அறிக்கையில் செய்முறை, வாய்மொழித் தேர்வுகளில் நடக்கும் பாகுபாடும் பதிவாகியிருக்கிறது. நாட்டின் தலைமை மருத்துவக் கழகத்திலேயே இந்த நிலைமை என்றால் மற்ற இடங்களைச் சொல்ல வேண்டியதில்லை. முகம் பார்க்காத ஓர் ஆய்வகம் நம் பெண்ணுக்குக் கதவாக இருக்கக்கூடும். லட்சக்கணக்கில் விலையுள்ள கருவியைத் திருத்தணியிலோ பள்ளிப்பட்டிலோ இருந்துகொண்டே ஒரு விசைத்தறிக் கூலியின் மகள் இயக்க முடியும் என்றால் அதை நான் கைகூப்பி வரவேற்பேன்.

ஆனால் கதவு என்று சொன்னால் போதாது, சாவி யார் கையில் என்று பார்க்க வேண்டும். எந்திரம் தெருவைக் கேட்காது, சரி. எந்திரத்துக்கு முன்னால் ஒரு வரிசை இருக்கும். அந்த வரிசையில் யாரை விடுவது என்று ஒரு குழு முடிவு செய்யும். அந்தக் குழு கேட்கும், எந்தக் கல்லூரி, யார் சிபாரிசு, எந்த ஆங்கிலத்தில் எழுதினாய் என்று கேட்கும். பொதுப்பணத்தைத் தனியார் நிறுவனங்களோடு சேர்ந்து செலவழிப்பது இந்தக் கொள்கைகளில் வழக்கம், தனியார் நிறுவனத்தில் இட ஒதுக்கீடு செல்லாது. ஆக, நம் வரியில் வாங்கிய எந்திரத்தை நமக்கு இடமில்லாத கட்டடத்துக்குள் வைத்துவிட்டு, 'எந்திரத்துக்குச் சாதி கிடையாது' என்று சொல்லிக்கொள்ளலாம். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து தமிழகத்துக்கு வந்தது. அதற்காகப் போராடியவர்களை மதிக்கிறேன். பலகைகளில் எழுத்து மாறியது, அலுவலகம் மாறியது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த கோட்டை எந்த எல்லை ஆணையமும் அளக்கவில்லை. மேலே நடக்கும் மாற்றம் கீழே தானாக இறங்கிவரும் என்று நம்புவதற்கு எங்கள் அனுபவம் இடம் தரவில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மத்திய அரசு 2009இல் தொடங்கிய தகவல் தொழில்நுட்பவழிக் கல்வி இயக்கத்தின் கீழ் 'விர்ச்சுவல் லேப்ஸ்' என்ற திட்டம் வந்தது. ஐ.ஐ.டி.க்களும் வேறு சில நிறுவனங்களும் சேர்ந்து செய்தவை. பல சோதனைகள் திரையில் காட்டும் பாவனை, சில சோதனைகளில் மட்டும் எங்கோ உள்ள உண்மையான கருவியைத் தூரத்திலிருந்து இயக்கலாம். நல்ல ஏற்பாடு, இலவசம். ஆனால் ஒரு நிர்வாகம் நினைத்தால் இதையே சாக்காக்கிவிடலாம். நுண்ணோக்கி கேட்கிற ஏழைக் கல்லூரிக்குத் திரையைக் காட்டிவிடலாம். பணக்காரக் கல்லூரியில் கையும் திரையும், ஏழைக் கல்லூரியில் திரை மட்டும் என்று ஆனால், தொடுவதற்கான உரிமையை இழப்பது மறுபடியும் யார்? ஒரு துளி குளத்துத் தண்ணீரைக் கண்ணாடித் துண்டில் வைத்து, அதில் உயிர் நெளிவதைத் தன் கண்ணால் பார்க்கிற அனுபவம் ஒரு பிள்ளையை விஞ்ஞானி ஆக்கக்கூடியது. குளத்திலிருந்து விரட்டப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அந்தத் துளியையாவது கையில் கொடுக்க வேண்டும்.

இனி பணத்துக்கு வருவோம். அரசு எந்தக் கையைக் காப்பாற்ற அவசரப்படுகிறது என்பதை அதன் கணக்குப் புத்தகம் சொல்லும். பயோ ரைடுக்கு ஐந்தாண்டுக் கணக்கில் 9,197 கோடி. சாக்கடையிலும் மலக்குழியிலும் மனிதர் இறங்குவதை நிறுத்தி எந்திரமயமாக்கும் 'நமஸ்தே' திட்டத்துக்கு 2025-26 வரையிலான மூன்றாண்டுகளுக்குச் சுமார் 350 கோடி. ஒன்று முழுத் துறையின் ஆராய்ச்சி, மற்றது ஒற்றை நலத்திட்டம், இரண்டும் ஒன்றில்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ஒரு மைக்ரோ லிட்டர் திரவத்தைப் பிசகில்லாமல் எடுத்து வைக்கும் கையைச் செய்யத் தெரிந்த நாட்டுக்கு, மலக்குழிக்குள் இறங்கும் கையைச் செய்யத் தெரியாதா? தெரியும். கேரளத்து இளைஞர்கள் 'பேண்டிகூட்' என்ற எந்திரத்தைச் செய்து 2018இல் திருவனந்தபுரத்தில் பயன்பாட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். செய்யத் தெரிந்த பிறகும் ஆள் இறங்கிச் செத்துக்கொண்டிருந்தான். உச்ச நீதிமன்றம் 2014இல் இப்படிச் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் 30 லட்சம் என்று உயர்த்தியது. நீதிமன்றம் விலையை ஏற்றவேண்டி வந்ததென்றால் சாவு நிற்கவில்லை என்றுதான் அர்த்தம். ஆய்வாளரின் நேரம் வீணாவதைத் தடுக்க எந்திரம் ஓடி வருகிறது. தொழிலாளியின் மூச்சு நிற்பதைத் தடுக்க அது ஏன் தவழ்ந்து வருகிறது?

கட்டடமும் கருவியும் மட்டும் போதாது என்பதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. செங்கல்பட்டில் மத்திய அரசு 2012இல் ஒப்புதல் கொடுத்துப் பல நூறு கோடியில் கட்டிய தடுப்பூசி வளாகம், 2021இல் சனங்கள் தடுப்பூசிக்கு வரிசையில் நின்றபோது ஒரு குப்பிகூட உற்பத்தி செய்யாமல் பூட்டிய வீடாய்க் கிடந்தது. பொது நிறுவனத்தை யாருக்காக நடத்துகிறோம் என்ற பொறுப்பு இல்லாதபோது, எவ்வளவு நவீனமான ஆய்வகமும் அப்படித்தான் கிடக்கும்.

எனவே ஆய்வகத்தை மூடு என்பது நம் கோரிக்கை ஆகாது. பொதுப்பணம் வாங்கும் ஒவ்வொரு தானியங்கி ஆய்வகத்திடமும் கணக்குக் கேட்பதுதான் கோரிக்கை. மொத்த நேரத்தில் ஒரு பங்கை அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு என்று எழுதி ஒதுக்க வேண்டும், அதற்குள் இட ஒதுக்கீடு இருக்க வேண்டும், தமிழில் எழுதி அனுப்பினாலும் சோதனை நடக்க வேண்டும். உள்ளே தட்டு அடுக்குபவரும் கழிவு எடுப்பவரும் நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும், ஆய்வு முடிவு அச்சாகும்போது அவர்கள் பெயரும் அச்சாக வேண்டும். ஏழைகளின் வார்டுகளிலிருந்து ரத்தமும் சதையும் எடுத்து அந்தத் தட்டுகளில் ஊற்றினால், எதற்கு எடுக்கிறோம் என்று அவர்கள் மொழியில் சொல்லிக் கேட்டு எடுக்க வேண்டும், அதில் பிறக்கிற மருந்து அவர்களுக்கு எட்டும் விலையில் கிடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், எந்தக் கை சாகிறதோ அந்தக் கைக்குத்தான் எந்திரம் முதலில் போக வேண்டும். மலக்குழிக்கும் சவக்கிடங்குக்கும் கொடுத்த பிறகு ஆய்வகத்துக்குக் கொடுங்கள், இல்லையென்றால் இரண்டுக்கும் சேர்த்தே கொடுங்கள்.

அடுத்த தடவை எந்த அமைச்சராவது இப்படி ஓர் ஆய்வகத்துக்கு ரிப்பன் வெட்ட வந்தால், நம் தோழர்கள் கறுப்புக்கொடி எடுக்கவேண்டிய அவசியம் இல்லை. வாசலில் நின்று மூன்று கேள்விகள் கேட்டால் போதும். உள்ளே எந்திரத்துக்குக் கட்டளை போடும் இடத்தில் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர்? கழிவுப் பையைத் தூக்கும் இடத்தில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர்? இந்த எந்திரம் வந்ததால் எந்த மலக்குழியில் ஆள் இறங்குவது நின்றது? மூன்றுக்கும் எண்ணாகப் பதில் வேண்டும். எண்ணில் பேசுவதுதானே விஞ்ஞானம்.